திண்டிவனத்திலேயே இடுப்பு கனக்கிறதா? கார் இருக்கையை அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் முறை

சென்னையிலிருந்து திருநெல்வேலிக்கு ஏறத்தாழ 620 கிலோமீட்டர். பொங்கல், கோயில் கொடை, கல்யாணம் என்று ஆண்டுக்கு நான்கைந்து முறை ஒரு சிறிய ஹேட்ச்பேக் காரில் அந்தத் தூரத்தை ஓட்டுகிறேன். செங்கல்பட்டு வரை ஒன்றும் தெரியாது. திண்டிவனத்தில் இடுப்பு கனக்கத் தொடங்கும். உளுந்தூர்பேட்டையில் தேநீருக்கு இறங்கினால் நிமிர்ந்து நிற்கவே ஒரு நிமிடம் ஆகும். பலரும் செய்வதைப் போலவே நானும் முதலில் கடைக்குப் போய் முதுகு மெத்தை ஒன்றை வாங்கிக் கட்டினேன். வலி குறையவில்லை, இடம்தான் மாறியது. வலி எந்த இடத்தில், எத்தனை நிமிடத்தில், எந்தப் பக்கம் தொடங்குகிறது என்பதைக் கவனித்தால் இருக்கையில் எது பிசகியிருக்கிறது என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும் என்பதையும், பணம் செலவழிப்பது கடைசிப் படியாக இருக்க வேண்டும் என்பதையும் அதன்பிறகுதான் கற்றுக்கொண்டேன்.

வீட்டு நாற்காலியில் மணிக்கணக்கில் உட்காருபவருக்கும் காரில் ஏன் வலிக்கிறது என்று கேட்கலாம். நாற்காலியில் பாதங்கள் தரையில் ஊன்றி உடலின் எடையில் ஒரு பங்கை வாங்கிக்கொள்கின்றன. காரில் கால்கள் முன்னால் நீண்டு பெடல்களுக்காகக் காத்திருப்பதால், தொடையின் பின்தசை இழுபட்டு இடுப்பெலும்பைப் பின்பக்கமாக உருட்டுகிறது. கீழ்முதுகில் இயல்பாக உள்ள உள்வளைவு தட்டையாகிறது. இதற்குமேல் சாலையின் அதிர்வு வேறு. உட்கார்ந்திருக்கும் மனித முதுகெலும்பு வினாடிக்கு 4 முதல் 6 முறை வரும் மேல்கீழ் அதிர்வுக்குத்தான் மிக அதிகமாக இசைந்து ஆடும். ஓடும் வாகனத்தின் அதிர்வில் கணிசமான பகுதி அந்த வரம்புக்கு அருகிலேயே விழுகிறது. 1970களில் ஸ்வீடனில் ஆண்டர்சன், நாச்செம்சன் முதலிய மருத்துவர்கள் முதுகெலும்பு வட்டுக்குள் (டிஸ்க்) ஊசி செலுத்தி அழுத்தத்தையே நேரடியாக அளந்தார்கள். சாய்மானம் பின்னால் சாயச் சாயவும், இடுப்பு வளைவுக்குத் தாங்கல் கொடுக்கக் கொடுக்கவும் வட்டின் மீதுள்ள அழுத்தம் குறைந்தது என்பதே அவர்கள் கண்டது. கீழே வரும் வழிமுறையில் பெரும்பகுதி இந்த இரண்டு விஷயங்களைச் சுற்றியே அமைந்திருக்கிறது.

எதையும் மாற்றுவதற்கு முன்

காரைச் சமதளத்தில் நிறுத்துங்கள். வழக்கமாக ஓட்டும்போது போடும் செருப்பையோ ஷூவையோ போட்டுக்கொண்டு, பின்பாக்கெட்டில் இருப்பதை எல்லாம் எடுத்துவிடுங்கள். இருக்கை முன்பின் நகரும் ரெயிலில் இப்போது எந்த இடத்தில் நிற்கிறதோ அதற்கு நேராகத் தரையில் ஒரு துண்டு மாஸ்கிங் டேப்பை ஒட்டிவையுங்கள். திரும்பிப் போக வேண்டியிருந்தால் வழி தெரியும். ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம்தான் செய்ய வேண்டும், அதற்குப் பிறகு முக்கால் மணி நேரமாவது தொடர்ந்து ஓட்டிப் பார்க்க வேண்டும். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது உதவியது, எது கெடுத்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

அடிப்படை நிலையை இந்த வரிசையில் அமைக்க வேண்டும், ஏனென்றால் ஒவ்வொன்றும் முந்தையதைச் சார்ந்தது. முதலில் பிட்டம் இருக்கையின் பின்மூலையைத் தொடும்வரை உள்ளே தள்ளி உட்காருங்கள். அப்படி உட்கார்ந்தபடியே கிளட்சை முழுவதும் அழுத்தினால் இடது முழங்கால் சற்று மடங்கியே இருக்க வேண்டும், இடுப்பு சாய்மானத்தை விட்டு நகரக் கூடாது. ஆட்டோமேட்டிக் வண்டியாக இருந்தால் பிரேக்கை வைத்துப் பாருங்கள். உயரம் கூட்டும் வசதி இருந்தால், தலைக்கும் கூரைக்கும் இடையில் மடக்கிய கை ஒன்று நுழையும் அளவுக்கு இடம் விட்டு, இடுப்பு முழங்காலைவிடத் தாழ்ந்து போகாதவாறு உயர்த்துங்கள். சாய்மானத்துக்கும் இருக்கைக்கும் இடையிலான கோணம் 100 முதல் 110 பாகை (டிகிரி) வரை இருந்தால் போதும். தோள் இரண்டும் சாய்மானத்தைத் தொட்டிருக்கும்போது கையை நீட்டினால் மணிக்கட்டு ஸ்டியரிங்கின் மேல்விளிம்பில் உட்கார வேண்டும். அதே நேரம் மார்புக்கும் ஸ்டியரிங்கின் நடுப்பகுதிக்கும் இடையில் 25 சென்டிமீட்டராவது இருக்க வேண்டும், ஏனென்றால் ஏர்பேக் விரிய அந்த இடம் தேவை. கடைசியாக உள்கண்ணாடியைச் சரிசெய்யுங்கள். இதில் ஒரு சின்ன உத்தி இருக்கிறது: நன்றாக நிமிர்ந்து உட்கார்ந்த நிலையில் பின்கண்ணாடி (காரின் பின்பக்கச் சன்னல்) முழுவதும் தெரியும்படி அதை வைத்துவிட்டால், ஒரு மணி நேரம் கழித்துப் பின்கண்ணாடியின் ஓரம் மறையும்போது நீங்கள் சரிந்துவிட்டீர்கள் என்று அதுவே காட்டிக்கொடுக்கும்.

இவ்வளவையும் செய்தபின் வலி போய்விட்டால் மேற்கொண்டு படிக்க வேண்டியதில்லை. போகவில்லை என்றால் உங்கள் வலிக்குப் பொருந்தும் தலைப்புக்குப் போங்கள்.

கீழ்முதுகின் நடுவில், முக்கால் மணி நேரத்துக்குப் பிறகு மந்தமான வலி. இறங்கி நடந்தால் குறைகிறது

இதுவே மிகவும் பரவலானது. சாய்மானத்துக்கும் உங்கள் இடுப்பு வளைவுக்கும் இடையில் வெற்றிடம் இருக்கிறது என்று பொருள். உட்கார்ந்தபடி உங்கள் உள்ளங்கையை அந்த இடத்தில் நுழைத்துப் பாருங்கள். தடையில்லாமல் உள்ளே போய் வந்தால் சோதனை முடிந்தது.

காரிலேயே லம்பர் சப்போர்ட் (கீழ்முதுகுத் தாங்கல்) நெம்புகோல் இருந்தால், அதை முழுவதும் தளர்த்திவிட்டு, ஒவ்வொரு பல்லாக (‘டக்’ என்று நிற்கும் ஒவ்வொரு படியாக), ஒரு பயணத்துக்கு ஒன்று என்ற கணக்கில் கூட்டுங்கள். இல்லையென்றால் கைதுடைக்கும் துண்டு ஒன்று போதும். அதை நீளவாக்கில் மடித்து, தளர்வாகச் சுருட்டி, இரண்டு ரப்பர் பேண்டு போட்டு, இடுப்பில் பெல்ட் கட்டும் உயரத்தில் குறுக்காக வையுங்கள். சாய்ந்து அழுத்திய பிறகு அதன் தடிமன் இரண்டு முதல் நான்கு சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். வாகனம் குலுங்கும்போது கீழே நழுவாமல் இருக்க, சுருளின் நடுவே ஒரு நாடாவை நுழைத்து ஹெட்ரெஸ்ட்டின் கம்பிகளில் கட்டிவிடலாம். வலி இடுப்பிலிருந்து விலாவின் அடிப்பகுதிக்கு ஏறினால் துண்டு மேலே இருக்கிறது. வால் எலும்பில் உறுத்தினால் கீழே இருக்கிறது. துண்டு என்பதால் உயரத்தையும் தடிமனையும் காசு செலவில்லாமல் மாற்றிப் பார்க்க முடிகிறது. உங்களுக்குப் பொருந்தும் அளவு தெரிந்த பிறகு, அந்த அளவில் ஒரு மெத்தையை வாங்கினால் அது வீண் போகாது.

நான் முதலில் வாங்கிய மெத்தை ஏன் உதவவில்லை என்பதும் அப்போதுதான் விளங்கியது. அது பத்து சென்டிமீட்டர் தடிமன் கொண்டது. அதைக் கட்டியதும் உடம்பு முழுவதும் அந்த அளவுக்கு முன்னால் வந்துவிட்டது. தொடைக்குக் கீழே இருந்த தாங்கல் குறைந்தது. தோள்கள் சாய்மானத்தைவிட்டு விலகி அந்தரத்தில் நின்றன. ஹெட்ரெஸ்ட் தலைக்கு வெகுதூரம் பின்னால் போனது. பின்னாலிருந்து யாராவது இடித்தால் கழுத்தைக் காப்பதற்காக வைத்த பொருள் அது. இடுப்பு வலியைத் தோளுக்கு மாற்றியதோடு, பாதுகாப்பையும் அந்த மெத்தை சேர்த்தே குறைத்திருந்தது.

ஒரு பக்கம் மட்டும் வலி. பிட்டத்தில் தொடங்கித் தொடை வழியாக இறங்குகிறது

பின்பாக்கெட் பர்ஸைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். இரண்டு சென்டிமீட்டர் தடிமனுள்ள பர்ஸ் ஒரு பக்க இடுப்பெலும்பைத் தூக்கிவிடுகிறது; அதன் மேல் ஆறு மணி நேரம் உட்கார்ந்தால் முதுகெலும்பு அவ்வளவு நேரமும் கோணலாகவே நிற்கும், பிட்டத்துத் தசைக்கு அடியில் போகும் நரம்பும் நசுங்கும். பர்ஸ் இல்லாமலும் வலி தொடர்ந்தால், இருக்கையே கோணலாகிவிட்டதா என்று பார்க்க வேண்டும்.

நம் நாட்டில் ஓட்டுநர் வலப்பக்கக் கதவு வழியாக ஏறி இறங்குகிறார். ஒவ்வொரு முறையும் முழு எடையும் இருக்கையின் வலது ஓரத்தில் விழுந்து உரசிச் செல்வதால், ஏழெட்டு ஆண்டு ஓடிய காரில் வலது ஓரத்து நுரை இடதைவிடத் தளர்ந்திருப்பது சாதாரணம். ஒரு நேரான மரச்சட்டத்தை இருக்கையின் குறுக்கே, பிட்டம் அமரும் இடத்தில் வைத்து, அதன்மேல் கொத்தனார் வைத்திருக்கும் ரசமட்டத்தை வையுங்கள். கைபேசியில் உள்ள மட்டம் பார்க்கும் செயலியும் போதும். பிறகு சட்டத்தின் இரு முனைகளையும் ஒரே அளவு விசையோடு அழுத்திப் பாருங்கள். ஒரு முனை மட்டும் வழுக்கிக்கொண்டு இறங்கினால் குற்றவாளி கிடைத்துவிட்டார்.

அடுத்ததாக இருக்கைக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். பல கார்களில் நுரைக்கு அடியில் பாம்பு நெளிவதைப்போல வளைந்த கம்பிச் சுருள்கள் முன்சட்டத்திலிருந்து பின்சட்டத்துக்கு வரிசையாக மாட்டியிருக்கும். என் காரில் நான்கு கம்பிகளில் வலது ஓரத்துக் கம்பியின் பின்முனை கொக்கியிலிருந்து கழன்று தரையைப் பார்த்துத் தொங்கிக்கொண்டிருந்தது. அதைத் தாங்கிய பிளாஸ்டிக் கவ்வி இரண்டாகப் பிளந்து, ஒரு துண்டு ரெயிலின் பள்ளத்தில் தூசியோடு கிடந்தது. எத்தனை மாதம் அப்படியே ஓட்டினேனோ தெரியாது. குஷன் வேலை செய்யும் பெரியவர் ஒருவர் அந்தக் கம்பியைக் குறடால் இழுத்து மாட்டி, உலோகத்தோடு உலோகம் உரசிக் கீச்சிடாமல் இருக்கச் சைக்கிள் டியூபிலிருந்து வெட்டிய ரப்பரைச் சுற்றி, ஜி.ஐ. கம்பியால் இறுக்கிக் கட்டினார். பத்து நிமிட வேலை. “இதுக்குப் போய் மெத்த மேல மெத்த போட்டிருக்கீங்களே சார்” என்று மட்டும் சொன்னார்.

கம்பி சரியாக இருந்து நுரைதான் தொய்ந்திருக்கிறது என்றால், மொத்த நுரையையும் மாற்ற ஒப்புக்கொள்ளாதீர்கள். தொழிற்சாலையில் வார்த்த நுரை உங்கள் உடம்புக்கேற்ற வளைவோடு வந்தது. கடையில் பலகை நுரையை வெட்டி அடுக்கினால் அந்த வளைவு திரும்ப வராது. பள்ளமான இடத்தில் மட்டும் ஒட்டுப் போட்டு நிரப்பச் சொல்லுங்கள். அப்போது கடைக்காரர் “32 டென்சிட்டியா, 40 டென்சிட்டியா?” என்று கேட்பார். ஒரு கன மீட்டர் நுரை எத்தனை கிலோ என்பதே அந்த எண். 40 என்றால் 40 கிலோ. அது உழைப்பைக் காட்டுமே தவிரக் கெட்டித்தன்மையைக் காட்டாது. ஒரே டென்சிட்டியில் மிருதுவான நுரையும் உண்டு, கல்லைப் போன்றதும் உண்டு. ஆகவே எண்ணைக் கேட்பதோடு நிறுத்தாமல், கட்டைவிரலால் அழுத்தி, பழைய இருக்கையின் நல்ல பகுதியோடு ஒப்பிட்டு, அதே எதிர்ப்பைத் தருவதைத் தேர்ந்தெடுங்கள். சென்னையில் இருப்பவர்கள் ஜி.பி. ரோட்டில் இதற்கென்றே உள்ள கடைகளில் விசாரிக்கலாம். நுரை ஒட்டுவதைவிட முழு சீட் கவர் விற்பதில் அங்கே ஆர்வம் அதிகம் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. இருக்கைக்கு அடியில் மஞ்சள் நிற இணைப்பிகள் தெரிந்தால் அவை ஏர்பேக்குக்கோ சீட் பெல்ட்டை இறுக்கும் கருவிக்கோ உரியவை. அவற்றைக் கையால் இழுக்கவோ கழற்றவோ கூடாது. இருக்கையையே வெளியே எடுக்க வேண்டிய வேலை என்றால் அதை அறிந்த பணிமனைக்குத்தான் போக வேண்டும். சாய்மானத்தின் ஓரத்தில் ஏர்பேக் என்று எழுதிய சிறு பட்டை இருந்தால், அந்தத் தையலை மூடும் எந்தக் கவரையும் மாட்டாதீர்கள்.

தொடையின் அடிப்பகுதி மரத்துப்போகிறது, கெண்டைக்கால் இழுக்கிறது

இருக்கையின் முன்விளிம்பு தொடையை அழுத்துகிறது. முழங்காலின் பின்மடிப்புக்கும் இருக்கை விளிம்புக்கும் இடையில் இரண்டு மூன்று விரல் நுழைய வேண்டும். நுழையவில்லை என்றால் உங்கள் தொடைக்கு அந்த இருக்கை நீளம். உயரம் குறைந்தவர்கள், குறிப்பாகப் பெண்கள், இதில் அதிகம் அவதிப்படுகிறார்கள். விளிம்பு உறுத்துவதைத் தவிர்க்க அவர்கள் தம்மை அறியாமலே முன்னால் நகர்ந்து உட்கார, முதுகு அந்தரத்தில் நின்று, கடைசியில் இடுப்புவலி என்றே புகார் வருகிறது. இவர்களுக்கு மட்டும் முதுகு மெத்தை சரியான மருந்து. ஆனால் அது இடுப்பில் மட்டும் புடைத்ததாக இல்லாமல், இடுப்பிலிருந்து தோள் வரை ஒரே சீராக மூன்று நான்கு சென்டிமீட்டர் தடிமன் உள்ளதாக இருக்க வேண்டும். மெத்தை போட்ட பிறகு ஹெட்ரெஸ்ட், சீட் பெல்ட், ஸ்டியரிங் தூரம் மூன்றையும் மறுபடி சரிபாருங்கள்.

உயரமானவர்களுக்குச் சிக்கல் நேர்மாறானது: தொடையின் பாதி தாங்கலில்லாமல் தொங்கும், எடை முழுவதும் பிட்டத்தில் இறங்கும். இருக்கையை இன்னும் ஒரு பல் பின்னால் தள்ளி உயர்த்திப் பார்க்கலாம். கவருக்குள் முன்பக்கம் மட்டும் ஒரு சாய்வு நுரைத் துண்டைச் செருகச் சொல்லலாம். இருக்கையின் போல்ட்டுக்கு அடியில் வாஷர் அடுக்கி முன்பக்கத்தைத் தூக்கித் தருவதாகச் சிலர் சொல்வார்கள். மோதலின்போது உங்களைப் பிடித்து நிறுத்துவது அந்த போல்ட்டுகள்தாம், அதில் விளையாட வேண்டாம்.

வலது இடுப்பும் வலது முழங்காலும் மட்டும் இறுகிப்போகின்றன

நான்குவழிச் சாலையில் வலது பாதம் ஆக்சிலேட்டரின் மேல் ஒரே கோணத்தில் மணிக்கணக்கில் நிற்கிறது. குதிகால் தரையில் ஊன்றியிருக்கிறதா என்று பாருங்கள். பழைய மிதியடியின் மேல் புதிய மிதியடி போட்டிருந்தால் குதிகால் உயர்ந்து, கணுக்கால் எப்போதும் மடங்கியே இருக்கும். பெடலுக்கு அடியில் சிக்கும் ஆபத்தும் உண்டு. ஒன்றை எடுத்துவிடுங்கள். இடது பாதத்துக்கு, கிளட்சின் இடப்பக்கத்தில் உள்ள ஓய்வுமேடையைப் பயன்படுத்துங்கள். இரண்டு பாதங்களும் ஊன்றியிருந்தால்தான் இடுப்பெலும்பு நேராக நிற்கும். குரூஸ் கண்ட்ரோல் (வேகத்தை வண்டியே பிடித்துக்கொள்ளும் வசதி) உள்ள வண்டியில், சாலை காலியாக இருக்கும்போது அதைப் போட்டுவிட்டுக் காலை அவ்வப்போது மடக்கி நீட்டுவது பெரிய உதவி.

தோள்பட்டைகளுக்கு நடுவிலும் கழுத்திலும் வலி

சாய்மானத்தை அதிகமாகச் சாய்த்துவிட்டு, ஸ்டியரிங்கை எட்டிப் பிடிக்கிறீர்கள். சிறிய கார்கள் பலவற்றில் ஸ்டியரிங் மேல்கீழாக மட்டுமே நகரும், முன்பின்னாக வராது. எனவே சாய்மானத்தைத்தான் ஓரிரு பல் நிமிர்த்த வேண்டும். ஹெட்ரெஸ்ட்டில் தலையணை கட்டியிருந்தால் அவிழ்த்துவிடுங்கள், அது தாடையை மார்பை நோக்கித் தள்ளுகிறது.

பள்ளத்திலும் வேகத்தடையிலும் மட்டும் முதுகில் ‘ணங்’ என்று இறங்குகிறது

பின்னால் இருப்பவர்களும் இதையே சொன்னால் இருக்கையை விட்டுவிட்டுச் சக்கரத்தைப் பாருங்கள். ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் டயருக்கான காற்றழுத்தம் எழுதியிருக்கும். பங்க்கில் இருப்பவர் கேட்காமலே 35, 40 பி.எஸ்.ஐ. என்று நிரப்பிவிடும் வழக்கம் உண்டு. காலையில், வண்டி ஓடும் முன், டயர் குளிர்ந்திருக்கும்போது ஸ்டிக்கரில் உள்ள அளவுக்குக் கொண்டுவாருங்கள். அழகுக்காகப் பெரிய அலாய் சக்கரம் மாற்றியிருந்தால், டயரின் பக்கச்சுவர் மெலிந்து அதிர்வு நேரே மேலே ஏறும். அதற்கு எந்த மெத்தையும் ஈடு கொடுக்காது. பிறகு காரின் ஒவ்வொரு மூலையையும் அழுத்திவிட்டுக் கையை எடுங்கள். ஒரு முறை எழும்பி அடங்கினால் சரி, மேலும் கீழும் ஆடிக்கொண்டே இருந்தாலோ ஷாக் அப்சார்பரின் உடலில் எண்ணெய்க் கசிவு தெரிந்தாலோ மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

ஒட்டும் வியர்வையும் முன்னால் நழுவலும்

ரெக்ஸின் கவர் நம் வெயிலுக்கு ஏற்றதல்ல. துணிக் கவரோ, அதன்மேல் ஒரு பருத்தித் துண்டோ போதும். மணிகள் கோத்த விரிப்பு காற்றோட்டம் தருவது உண்மைதான், ஆனால் அதன்மேல் பிட்டம் முன்னால் வழுக்கிக்கொண்டே வரும். அப்படி வழுக்கினால் இடுப்பு வளைவு குலைவதோடு, பெல்ட்டின் கீழ்ப்பட்டை இடுப்பெலும்பிலிருந்து வயிற்றின் மேல் ஏறிவிடுகிறது. மோதலின்போது அது அபாயம்.

ஓட்டும்போது ஒன்றுமில்லை, இறங்கியதும் அல்லது மறுநாள் காலையில் பிடித்துக்கொள்கிறது

இது இருக்கையின் கோளாறாக இருப்பதைவிட இறங்கும் முறையின் கோளாறாக இருக்கவே வாய்ப்பு அதிகம். ஒரு காலை வெளியே வைத்து உடம்பை முறுக்கி எழாமல், இருக்கையிலேயே திரும்பி இரண்டு பாதங்களையும் தரையில் ஊன்றிய பிறகு எழுங்கள். மணிக்கணக்கில் வளைந்தே இருந்த முதுகின் தசைநார்கள் தளர்ந்திருக்கும் நேரம் அது. அந்த நேரத்தில்தான் ஊரிலிருந்து கட்டிக்கொண்டு வந்த அரிசி மூட்டையையும் தேங்காய்ச் சாக்கையும் டிக்கியில் குனிந்து தூக்குகிறோம். ஐந்து பத்து நிமிடம் தெருவில் நடந்துவிட்டு வந்து மூட்டையைத் தொடுங்கள். வழியில் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு முறை இறங்கி நிற்பதும் இதே காரணத்துக்காகத்தான்.

இருக்கையைத் தொடாமல் மருத்துவரிடம் போக வேண்டிய அறிகுறிகள்

காலில் பலம் குறைந்து பாதம் தூக்க வராமல் போனாலோ, தொடைகளின் உட்புறமும் பிறப்புறுப்பைச் சுற்றியும் மரத்துப்போனாலோ, சிறுநீரோ மலமோ கட்டுப்பாட்டில் இல்லாமல் போனாலோ அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். இது காத்திருக்கும் விஷயமல்ல. ஒரு பக்கக் கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாக வலித்தால் அது இரத்தக் குழாய்க்குள் இரத்தம் உறைந்ததாக இருக்கலாம், அதற்கும் அதே அவசரம். காய்ச்சலோடு வரும் முதுகுவலி, படுத்தாலும் குறையாத இரவு வலி ஆகியவற்றையும் காரின் மேல் பழிபோட்டுத் தள்ளிப்போடக் கூடாது.

வீட்டில் இன்னொருவரும் அதே காரை ஓட்டுகிறார் என்றால், கண்டுபிடித்த அளவுகள் ஒரே நாளில் கலைந்துவிடும். என் காரில் சன் வைசருக்குப் பின்னால் செருகியிருக்கும் காகிதத்தில், முழுவதும் முன்னால் தள்ளிய நிலையிலிருந்து எண்ணி, இரண்டு வரி எழுதியிருக்கிறது: எனக்குத் தூரம் 9 பல், சாய்மானம் 6, துண்டு பெல்ட் உயரத்தில்; மனைவிக்குத் தூரம் 4, சாய்மானம் 5, நீள மெத்தை, துண்டு வேண்டாம்.